செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ என்று மெக்கானிக்குக்கு போன் போட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘செல்ஃப் எடுக்குதா?’ என்பதுதான். பாதி நோய் அந்த ஒரு கேள்வியிலேயே பிரிந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது ‘டிக் டிக்’ என்று மட்டும் கேட்கிறது என்றால் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் பக்கம் போக வேண்டும். அது வேறு கதை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்க மறுக்கிறது என்பவர்களுக்கானது இந்தக் கட்டுரை.

செல்ஃப் சுற்றுவதே ஒரு நல்ல செய்தி. பேட்டரியில் ஓரளவு உயிர் இருக்கிறது, செல்ஃப் மோட்டார் வேலை செய்கிறது, எஞ்சின் ஜாம் ஆகவில்லை. இனி எஞ்சினுக்குக் கிடைக்காமல் இருப்பது எது என்று பார்த்தால் போதும். பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை எரிபொருள், ஸ்பார்க், காற்றை அழுத்தும் கம்ப்ரஷன், இவை எல்லாம் சரியான நேரத்தில் நடப்பது. இன்றைய வண்டிகளில் இவற்றோடு ஈசிஎம் எனப்படும் கம்ப்யூட்டரின் சம்மதமும் வேண்டும். எது இல்லை என்று தெரிவதற்கு முன்னால் பிளக்கையும் பம்பையும் மாற்றத் தொடங்கினால் பணம் மட்டும்தான் கரையும்.

தொடங்கும் முன்

ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். பானட்டைத் திறந்ததும் மூக்கால் பாருங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தாலோ, எங்காவது ஈரமாகச் சொட்டினாலோ செல்ஃப் அடிக்க வேண்டாம். எலி கடித்த பெட்ரோல் ஹோஸாக இருக்கலாம். ஒரு சிறு பொறி போதும்.

தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்த பிறகு அரை நிமிடமாவது விடுங்கள். ‘இன்னொரு தடவை அடிச்சுப் பார்ப்போம்’ என்று கால் மணி நேரம் அடித்தால் பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடாகும், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய்ச் சேரும். கன்வெர்ட்டரின் விலையைத் தெரிந்தவர்கள் இப்படி அடிக்க மாட்டார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால்

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ கார்களின் எஞ்சின் கெட்டது தண்ணீர் ஏறியபோது அல்ல. தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று செல்ஃப் அடித்தபோது. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அழுத்தும். தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும், உடையும்.

ஆகவே பானட் மட்டத்துக்கு நீர் ஏறியிருந்தாலோ, தேங்கிய நீரில் ஓடும்போதே வண்டி நின்றிருந்தாலோ சாவியைத் தொடாமல் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, தூக்கிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் செல்ஃப் அடிப்பார்கள். இதில் இன்சூரன்ஸ் சங்கதியும் இருக்கிறது. நீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கவர் வேண்டும். கடலோர ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

முதல் படி: சத்தத்தைக் கேளுங்கள்

செல்ஃப் சத்தம் மூன்று விதம். ஒன்று, சீரான தாளத்தோடு வழக்கம்போல் சுற்றுவது. அப்படியென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாவது, இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுவது. செல்ஃப்தான் சுற்றுகிறதே, பேட்டரியில் என்ன குறை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். செல்ஃப் மோட்டார் கரண்டை முழுக்க உறிஞ்சிக்கொண்டால் ஈசிஎம்முக்கும் ஸ்பார்க்குக்கும் போதிய வோல்டேஜ் கிடைக்காது. மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அருகே இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவத்தையும், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, வழக்கத்தைவிட வேகமாக, தாளமே இல்லாமல் ‘விர்ர்’ என்று சுற்றுவது. இதைக் கேட்டதும் நிறுத்துங்கள். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். வால்வுகள் திறந்து மூடாததால் கம்ப்ரஷன் இல்லை, அதனால்தான் செல்ஃப் சுலபமாகச் சுற்றுகிறது. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். மேலும் மேலும் சுற்றுவது சேதத்தைக் கூட்டும். பழைய மாருதி 800, பழைய ஆல்டோ, 1.1 லிட்டர் சான்ட்ரோ போன்றவை பெல்ட் வண்டிகள். வேகன் ஆர், ஸ்விஃப்ட் ஆகியவற்றில் வந்த கே சீரிஸ் எஞ்சின்களில் இருப்பது செயின். அது திடீரென்று அறுவது அபூர்வம். பெல்ட் வண்டியைப் பழையதாக வாங்கியவர்கள், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

உறுதிப்படுத்த எளிய வழி: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டோ ராக்கரோ கண்ணில் படும். இன்னொருவரை ஒரே ஒரு வினாடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே எதுவும் அசையவில்லை என்றால் விஷயம் முடிந்தது. அதற்கு மேல் அடிக்க வேண்டாம். பெல்ட் ஓடும் பக்கம் கையையோ துப்பட்டாவையோ கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாம் படி: டேஷ்போர்டைப் படியுங்கள்

செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கைப் பாருங்கள். அது எரிய வேண்டும். எரிவதுதான் நல்லது. எரியவே இல்லை என்றால் ஈசிஎம்முக்கு கரண்டே போகவில்லை என்று சந்தேகிக்கலாம்: மெயின் ரிலே (கரண்டைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்), அதன் பியூஸ், அல்லது எர்த். கம்ப்யூட்டர் தூங்கும்போது பம்பும் ஓடாது, ஸ்பார்க்கும் வராது. அந்த நிலையில் பம்பை மாற்றுபவர்களும் உண்டு.

அடுத்தது சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு. அது இம்மொபிலைசர். சாவியின் தலைக்குள் இருக்கும் சிறு சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்றால், பல மாடல்களில் செல்ஃப் தாராளமாகச் சுற்றும், ஆனால் ஈசிஎம் பெட்ரோலை விடாது. சிலவற்றில் ஒரு வினாடி ஸ்டார்ட் ஆகி உடனே அணையும். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் முதலில் வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியை எடுத்து வந்து போடுங்கள். ஒரே வளையத்தில் வேறு வண்டியின் சிப் சாவியும் தொங்கினால் பிரித்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட்டின் பட்டன் செல் தீர்ந்திருந்தால், ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தபடி அழுத்தினால் பல மாடல்களில் எடுத்துக்கொள்ளும். சாவிக்கடையில் சிப் இல்லாமல் வெட்டிக் கொடுத்த டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், செல்ஃபையும் சுற்றும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, ஆர்பிஎம் முள். செல்ஃப் சுற்றும்போது அது லேசாகத் துள்ள வேண்டும். அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் விழுகிறது. எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியை ஈசிஎம்முக்குச் சொல்வது அந்த சென்சார்தான். செய்தி வராவிட்டால் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை. சில மாடல்களில் எல்லாம் நன்றாக இருந்தாலும் செல்ஃப் நேரத்தில் முள் அசையாது. ஆகவே இதைத் துப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு ஈசிஎம்மைப் படிக்கும் ஸ்கேனரில் (ஐந்தாம் படி).

பெட்ரோல் முள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மிதவை சிக்கினால் காலி டேங்க்கும் கால் டேங்க் என்று காட்டும். சரிவில் நிறுத்திய வண்டியில் கொஞ்சம் இருக்கும் பெட்ரோலும் பம்புக்கு எட்டாத மூலையில் ஒதுங்கிவிடும். ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பதைவிட மலிவான சோதனை கிடையாது.

மூன்றாம் படி: பெட்ரோல் வருகிறதா?

பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே, பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். சாவியை ‘ஆன்’ செய்ததும் இரண்டு மூன்று வினாடி மெல்லிய ‘ஊ…ம்’ சத்தம் வந்து நிற்க வேண்டும். ஏசி ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பின் சீட்டில் காதை வைத்துக் கேட்கலாம். பழைய டீசல் வண்டிகளிலும் சில புது மாடல்களிலும் இந்தச் சத்தம் இருக்காது.

சத்தம் கேட்கவில்லை என்றால் பம்பைக் குறை சொல்லும் முன் பியூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உட்புறத்திலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ எது எதற்கு என்ற படம் இருக்கும். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள், செப்புக் கம்பி எல்லாம் வேண்டாம். அடுத்து எரிவது வயரிங்தான். மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ வயர் உரசுகிறது, அல்லது பம்ப் இறுகிவிட்டது.

ரிலேயைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. பெட்டியில் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலே, ஹாரனுடையது போல, இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகி ஹாரன் ஊமையானால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது.

பியூஸும் ரிலேயும் சரி, பம்ப் மட்டும் ஓடவில்லை என்றால் பழைய டிரைவர்களின் கைவைத்தியம் ஒன்று உண்டு: ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலாலோ கைமுட்டியாலோ தட்டுவது. பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருந்தால் இதில் ஒருமுறை உயிர் வரலாம். வந்தால் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தாதீர்கள்.

சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கேஸில்தானே ஓட்டுகிறோம் என்று பெட்ரோல் டேங்க்கை வருஷம் முழுக்கக் காலியாக வைத்திருப்பார்கள். பம்பைக் குளிரவைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிப் பிறகு கேஸுக்கு மாறும் வண்டியில் பம்ப் போனால், சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் காலையில் வண்டி நகராது. கேஸ் நிரப்பும் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகவிடாத சுவிட்ச் கம்பெனி சிஎன்ஜி வண்டிகளில் உண்டு.

ஃபோர்டு, ஃபியட் வண்டிகள் பலவற்றில் இன்னொரு சுவிட்ச் இருக்கிறது. விபத்து நடந்தால் பெட்ரோலை நிறுத்துவதற்கானது. பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் சில சமயம் தட்டிவிடும். காலடியின் பக்கவாட்டில் இருக்கும் அந்தப் பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். இது தெரியாமல் டோ செய்து கொண்டுபோனவர்கள் ஏராளம்.

பம்ப் சத்தம் கேட்டாலும் பிரஷர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சுமார் 3 பார் அளவு வேண்டும். அதை கேஜ் மாட்டித்தான் பார்க்க முடியும், அதனால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பங்க்கில் நிரப்பிக்கொண்டு வந்த அன்றோ மறுநாளோ தகராறு தொடங்கினால், அதுவும் மழைக்காலமானால், தண்ணீர் கலந்திருக்கலாம். இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் கொஞ்சம் நீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். மெக்கானிக் டேங்க்கிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிவது தெரியும். பில்லை எறியாமல் வைத்திருந்தால் பங்க்கில் பேசலாம்.

இதற்கு நேர்மாறாக, பெட்ரோல் அதிகமாகிப் போவதும் உண்டு. போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்கு எடுத்து அரை நிமிடத்தில் அணைத்த வண்டி, பிறகு ஸ்டார்ட் ஆகாமல் சைலன்சரில் பெட்ரோல் வாடை அடித்தால் பிளக் நனைந்திருக்கிறது. ஆக்சிலேட்டரைத் தரையோடு முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் முழு மிதியைக் கண்டதும் ஈசிஎம் பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் விடும். எஞ்சின் பிடிக்கத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: ஸ்பார்க்

ஓடிக்கொண்டிருந்த நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக்கோ, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் ஒரு காயிலோ போனால் எஞ்சின் நடுங்கும், இழுக்காது, ஆனால் மூன்று சிலிண்டரில் ஓடும். நான்கு காயில்களும் ஒரே ராத்திரியில் போகாது. ஆகவே ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால், நான்குக்கும் பொதுவான ஒன்றில்தான் குறை இருக்க வேண்டும்: கிராங்க் சென்சார், மெயின் ரிலே, ஈசிஎம்மின் கரண்ட் அல்லது எர்த். ‘நாலு காயிலையும் மாத்திப் பாக்கலாம்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவரிடம் கேளுங்கள். (எல்லா பிளக்குக்கும் ஒரே காயில் இருக்கும் பழைய வண்டி என்றால் அவர் சொல்வது சரிதான்.)

எஞ்சின் ஆறிய பிறகு ஒரு பிளக்கைக் கழற்ற முடிந்தால் அது பாதி பதிலைச் சொல்லிவிடும். பலமுறை செல்ஃப் அடித்த பிறகும் முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவைக்க ஸ்பார்க் இல்லை, அல்லது மேலே சொன்னபடி அளவு மீறிவிட்டது.

பிளக்கைக் கையில் பிடித்து பாடியில் வைத்து ஸ்பார்க் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்றைய காயில்கள் 20 முதல் 40 கிலோ வோல்ட் வரை தருபவை. கடைகளில் விற்கும் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, ஒயரைத் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள்.

கிராங்க் சென்சாருக்கு ஒரு விசேஷ குணம்: சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும். ஹைவேயில் இரண்டு மணி நேரம் நன்றாக ஓடிய வண்டி, சாப்பிட நிறுத்திய இடத்தில் ஸ்டார்ட் ஆகாது. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் பிடித்துக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ‘நல்லாத்தானே ஓடுது சார்’ என்பார்கள். எப்போது நின்றது, எவ்வளவு நேரம் கழித்து எடுத்தது என்று குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால் வேலை சுலபம்.

ஐந்தாம் படி: ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஈசிஎம்மைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டி, ப்ளூடூத் வழியாக போனில் பார்க்கும் சிறு கருவி ஆன்லைனில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 4 (புகை மாசு விதி) கார்களிலும், பிஎஸ் 6 கார்களிலும் இது வேலை செய்யும். பழைய வண்டிகளில் கிடைத்தால் லாபம்.

ஈசிஎம் பதிந்து வைக்கும் குறை எண்ணைத்தான் ‘கோடு’ (code) என்பார்கள். நமக்கு வேண்டியவை சில: பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 கேம் சென்சார் சர்க்யூட், பி0016 கிராங்குக்கும் கேமுக்கும் நேரம் பொருந்தாதது, பி0230 பெட்ரோல் பம்ப் சர்க்யூட், பி0087 இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ரெயிலில் பிரஷர் குறைவு, பி0513 தவறான இம்மொபிலைசர் சாவி. கோடு எதுவும் இல்லாவிட்டாலும், செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். 150 முதல் 300 வரை ஏதாவது காட்டினால் கிராங்க் சென்சார் உயிரோடு இருக்கிறது. பூஜ்யம் என்றால் மாட்டிக்கொண்டது.

கோடு சொல்வது ‘சர்க்யூட்’ என்பதைக் கவனியுங்கள். சென்சாரிலிருந்து ஈசிஎம் வரை உள்ள முழுப் பாதையும் அதில் அடக்கம், நடுவில் எலி கடித்த வயர் உள்பட. நம் ஊரில் இந்த எலியைத் தனி உதிரிபாகமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பானட்டுக்குள் தேங்காய் நார், கொய்யா விதை, புழுக்கை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு சாவியைத் தொடுங்கள். இன்ஜெக்டர், சென்சார்களின் மெல்லிய வயர்கள்தான் முதல் பலி. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் கூடு கட்டியிருக்கும்.

டீசல் வண்டி என்றால்

டீசலில் ஸ்பார்க் கிடையாது, சூடும் அழுத்தமும்தான். டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் மறுபடி ஊற்றினால் மட்டும் போதாது, லைனில் ஏர் பிடித்திருக்கும். ஃபில்டர் அருகே கையால் அழுத்தும் பம்ப் இருந்தால், அது கெட்டியாகும் வரை அழுத்தி ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டரின் அடியில் தேங்கிய நீரையும் திறந்துவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலையில் மட்டும் தகராறு என்றால் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். டேஷ்போர்டில் சுருள் கம்பிப் படம் போட்ட விளக்கு அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும்.

காமன் ரெயில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவே ரெயிலில் ஏறத்தாழ 200 பார் வேண்டும். ஓடும்போது ஆயிரத்தைத் தாண்டும். பழைய அம்பாசடர் டீசலில் செய்ததுபோல் இன்ஜெக்டர் பைப்பை லூஸ் செய்து ஏர் எடுக்கும் வேலையை இதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் கூடாது.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, சாவி விளக்கும் சரி, இருந்தும் பிடிக்கவில்லை என்றால் மிச்சம் கம்ப்ரஷனும் டைமிங்கும். அவை கருவியும் அனுபவமும் கேட்கும் வேலை. அதற்காகத் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டியைத் தள்ளுவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. ஆட்டோமேட்டிக் வண்டி தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. அதைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. நான்கு சக்கரமும் மேலே ஏறும்படி தூக்கிச் செல்லச் சொல்லுங்கள்.

போனில் ‘ஸ்டார்ட் ஆகல’ என்று நிறுத்தாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்ணே, செல்ஃப் நல்லா சுத்துது, பேட்டரி 12.5 இருக்கு. செக் எஞ்சின் லைட் எரியுது, சாவி லைட் அணைஞ்சிடுது. பின் சீட்ல பம்ப் சத்தம் கேக்கல. பியூஸ் பாத்துட்டேன், ரிலேயும் மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடுச்சு.” அவர் வரும்போதே மல்டிமீட்டரையும், உங்கள் மாடலுக்கான பம்பையும் எடுத்துக்கொண்டு வருவார்.